தேநீர் ஆற்றும் கை: செயல்வழிச் சிகிச்சை மாணவரின் களப்பயிற்சியும் தாய்மொழியும்

ஒரு காட்சியை மனத்தில் கொள்வோம். சமூக மருத்துவமனை ஒன்றில், நோயாளிகள் பயிற்சி பெறுவதற்கென்றே ஒரு சிறு சமையலறை அமைந்திருக்கிறது. பக்கவாதத்தால் வலக்கையும் வலக்காலும் தளர்ந்துபோன 76 வயது மூதாட்டி ஒருவர் அங்கே சக்கர நாற்காலியில் அழைத்துவரப்படுகிறார். மேசைமீது மின்கெண்டி, தேயிலைப் பை, சீனி, கோப்பை ஆகியவை வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. களப்பயிற்சிக்கு வந்துள்ள பல்கலைக்கழக மாணவி, தேநீர் தயாரிக்குமாறு எளிய ஆங்கிலத்தில் கேட்டுக்கொள்கிறார். மூதாட்டி பொருள்களைப் பார்க்கிறார். தேயிலைப் பையை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார். இடக்கையால் அதைக் கிழிக்க முயல்கிறார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார். மாணவி தம் குறிப்பேட்டில் எழுதுகிறார்: "கட்டளை விளங்கவில்லை, செயலின் படிவரிசை தெரியவில்லை."

மாணவியை மேற்பார்வையிடும் சிகிச்சையாளர் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்கிறார்: "இவர் தம் வீட்டில் தேநீரை எப்படிப் போடுவார்?" மாணவியிடம் விடை இல்லை. அவர் அதைக் கேட்டிருக்கவில்லை.

இக்காட்சி எடுத்துக்காட்டுக்காக அமைத்துக்கொண்டதே. ஆயினும், செயல்வழிச் சிகிச்சை பயிலும் மாணவர்களைப் பல மாதங்கள் வகுப்பறைக்கு வெளியே அனுப்புவதன் காரணம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. அக்கேள்விக்கு விடை காண மருத்துவ அறிவு மட்டும் போதாது. நோயாளியின் மொழியும் வேண்டும். களப்பயிற்சி என்பது யாது, அது எவ்வாறு நடைபெறுகிறது, அதில் தாய்மொழிக்கு உள்ள இடம் என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பெயரும் பொருளும்

ஆங்கிலத்தில் 'ஆக்குபேஷனல் தெரபி' எனப்படும் இத்துறையைத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை, செயல்வழிச் சிகிச்சை, செயல்முறைச் சிகிச்சை எனப் பலவாறு வழங்குகிறோம். 'தொழில்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் பலர், இது வேலைவாய்ப்புத் தொடர்பான சிகிச்சை என்று எண்ணிவிடுகின்றனர். தமிழாசிரியர்களுக்கு இந்த மயக்கம் எழ வேண்டியதில்லை. நம் இலக்கணத்தில் தொழிற்பெயர் என்பது வேலையின் பெயரன்று. உண்ணல், நடத்தல், குளித்தல் போன்ற செயல்களின் பெயர். 'தொழில்' என்னும் சொல் அப்பழைய, விரிந்த பொருளில் நின்றால், இத்துறைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வேறில்லை. இன்றைய வழக்கில் அப்பொருள் சுருங்கிவிட்டமையால், இக்கட்டுரை 'செயல்வழிச் சிகிச்சை' என்றே ஆள்கிறது.

இயன்முறைச் சிகிச்சையாளர் தளர்ந்த கையை மீண்டும் அசைப்பதற்கும் தளர்ந்த காலை மீண்டும் ஊன்றுவதற்கும் துணை செய்கிறார். செயல்வழிச் சிகிச்சையாளரும் அவற்றில் பங்குகொள்கிறார். ஆனால், அவருடைய முதற்கேள்வி வேறு. "இந்தக் கை எதற்காக அசைய வேண்டும்?" என்று அவர் கேட்கிறார். ஒருவருக்கு அது சட்டைப் பொத்தானைப் போடுவதற்காக இருக்கலாம். இன்னொருவருக்குப் பேரக்குழந்தையைத் தூக்குவதற்காக இருக்கலாம். பள்ளி செல்லும் சிறுவனுக்குப் பென்சிலைப் பிடிப்பதற்காக இருக்கலாம். மனநோயிலிருந்து மீண்டுவரும் இளைஞர் ஒருவருக்குக் கையில் குறையே இராது. காலையில் உரிய நேரத்தில் எழுவதும், பேருந்தேறி வேலைக்குச் செல்வதும் அவருக்கு மீட்டுத்தர வேண்டிய செயல்களாகும்.

இத்துறையின் தொடக்க வரலாறும் இதையே காட்டுகிறது. 1917ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் ஒரு சிறு குழுவினர் கூடி இத்துறைக்கான முதல் தேசியச் சங்கத்தை நிறுவினர். அவர்களுள் வில்லியம் ரஷ் டன்டன் மனநல மருத்துவர். எலனோர் கிளார்க் ஸ்லேகல் சமூகப்பணியில் பயிற்சி பெற்றவர். சூசன் காக்ஸ் ஜான்சன் கைவினை ஆசிரியை. ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். பார்ட்டன், காசநோயாலும் உடலின் இடப்பக்கத் தளர்ச்சியாலும் தாமே துன்புற்று, கைவேலைகளின் வழியாகத் தம்மை மீட்டுக்கொண்டவர். மருத்துவர் ஒருவர், நோயுற்று மீண்டவர் ஒருவர், ஆசிரியர் ஒருவர் என அமைந்த இக்கூட்டணியின் இயல்பு இத்துறையில் இன்றும் மாறவில்லை.

ஆயிரம் மணி நேரம் எதற்கு?

1952ஆம் ஆண்டில் பத்து நாடுகளின் சங்கங்கள் இணைந்து உலகச் செயல்வழிச் சிகிச்சையாளர் கூட்டமைப்பைத் தோற்றுவித்தன. அப்பத்தில் இந்தியாவும் ஒன்று. இக்கூட்டமைப்பு, செயல்வழிச் சிகிச்சைக் கல்விக்குக் குறைந்தபட்சத் தகுதி விதிகளை வகுத்துள்ளது. களப்பயிற்சி குறைந்தது 1,000 மணி நேரம் நடைபெற வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையான ஒன்று. வாரத்திற்கு 40 மணி நேரம் எனக் கொண்டால் அது 25 வாரங்கள். ஏறத்தாழ அரையாண்டுக் காலம். பயிற்சி ஒரே வகையான நோயாளிகளோடு முடிந்துவிடலாகாது என்பதும் விதியின் நோக்கமாகும். வெவ்வேறு வயதினர், வெவ்வேறு குறைபாடுகள் உடையோர், வெவ்வேறு பணியிடங்கள் என மாணவரின் பட்டறிவு விரிய வேண்டும்.

சிங்கப்பூரில் இத்துறைக்கான கல்வி முன்னர் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயக் கல்வியாக நடைபெற்றது. இன்று சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் இதனை நான்காண்டுச் சிறப்புப் பட்டக்கல்வியாக நடத்துகிறது. 2011ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின்படி, செயல்வழிச் சிகிச்சையாளர் பதிவு பெற்ற பிறகே பணிபுரிய முடியும். மலேசியாவிலும் 2016ஆம் ஆண்டில் இத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே, களப்பயிற்சி என்பது படிப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சுற்றுலா அன்று. அதில் தேறாதவர் பட்டம் பெற இயலாது. பட்டம் பெறாதவர் தொழிலில் நுழைய இயலாது.

ஏன் இத்தனை கண்டிப்பு? உடற்கூற்றியலை நூலில் கற்கலாம். மூளையின் எப்பகுதி சேதமுற்றால் எக்கை தளரும் என்பதைத் தேர்வில் எழுதலாம். ஆனால், தளர்ந்த கையையுடைய ஒருவர் வெட்கத்தால் போர்வைக்குள் அக்கையை மறைத்துக்கொள்ளும்போது என்ன பேசுவது என்பது எந்த நூலிலும் இல்லை. வகுப்பறையில் நோயாளியாக நடிக்கும் சக மாணவர் சொன்னதைச் செய்வார். மெய்யான நோயாளி களைத்துப்போவார், சினங்கொள்வார், மறுப்பார், அழுவார். சில நாள்களில் மாணவர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவும் செய்வார்.

களத்தில் நடப்பது

களப்பயிற்சி படிப்படியாக அமைகிறது. முதல் நாள்களில் மாணவர் பார்வையாளராகவே இருப்பார். நோயாளியின் கோப்பைப் படிப்பார். சிகிச்சையாளர் பேசும் முறையைக் கவனிப்பார். நோயாளியிடம் தம்மை மாணவர் என்று வெளிப்படையாக அறிமுகப்படுத்திக்கொண்டு, உடனிருக்க அவருடைய இசைவைக் கேட்பார். இந்த இசைவு வெறும் சடங்கன்று. தம் குளியலையும் உடைமாற்றத்தையும் ஓர் இளையர் அருகிலிருந்து பார்ப்பதற்கு ஒப்புக்கொள்ளும் முதியவர், அம்மாணவருக்கு ஒரு கொடையை அளிக்கிறார். அதை மறுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

அடுத்த கட்டத்தில் மாணவர் சிறு பகுதிகளைத் தாமே செய்வார்: கையின் அசைவளவை அளத்தல், பிடிவலிமையைச் சோதித்தல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற உதவுதல். பின்னர், மேற்பார்வையின்கீழ்ச் சில நோயாளிகளின் பொறுப்பு அவருக்கு வழங்கப்படும். மதிப்பீடு செய்தல், இலக்கு வகுத்தல், சிகிச்சையைத் திட்டமிடுதல், பதிவேட்டில் எழுதுதல், குடும்பத்தாரிடம் விளக்குதல் ஆகிய யாவும் அப்போது அவருடைய பணிகளாகும். பயிற்சியின் நடுவில் ஒரு மதிப்பீடும் இறுதியில் ஒரு மதிப்பீடும் நிகழும். குறைகளைத் திருத்திக்கொள்ளக் காலம் இருக்கும்போதே எடுத்துச் சொல்வதுதான் நடுக்கட்ட மதிப்பீட்டின் பயன்.

இவற்றுள் மாணவருக்கு மிகுதியாகக் கற்பிப்பது வீட்டுப் பார்வை எனலாம். மருத்துவமனையின் அகன்ற, வழுக்காத, கைப்பிடிகள் பொருத்திய குளியலறையில் நன்றாக நடந்த ஒருவர், தம் வீட்டில் அவ்வாறே நடப்பார் என்று கொள்ள முடியாது. பழைய வீவக வீடுகள் பலவற்றில் குளியலறை வாயிலில் ஒரு திட்டு உண்டு. தளர்ந்த காலை அத்திட்டுக்குமேல் தூக்கிவைக்க முடியுமா? சக்கர நாற்காலி அந்தக் கதவில் நுழையுமா? கழிப்பறை இருக்கையின் உயரம் எவ்வளவு? கைப்பிடியைச் சுவரின் எந்தப் பக்கம் பொருத்தினால் வலுவுள்ள கை அதைப் பற்றும்? மாணவர் அளவுநாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு இவற்றை அளக்கிறார். 2012 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நடத்திவரும் 'ஈஸ்' என்னும் திட்டம், தகுதியுள்ள முதியோர் வீடுகளில் கைப்பிடிகள், வழுக்காத் தரை, சாய்தளம் ஆகியவற்றை அமைக்க மானியம் வழங்குகிறது. அத்தகைய வசதி எந்தச் சுவரில், எந்த உயரத்தில் அமைய வேண்டும் என்பதை அந்த வீட்டில் வாழ்பவரின் உடலே முடிவு செய்கிறது.

அளவுநாடாவில் அகப்படாதவையும் அங்கே உண்டு. பூசை மாடம் எந்த உயரத்தில் இருக்கிறது? அந்த மூதாட்டி தரையில் அமர்ந்துதான் விளக்கேற்றுவாரா? முஸ்லிம் முதியவராயின், தொழுகைக்குமுன் ஒளு எடுக்கும்போது காலை எவ்வாறு கழுவுவார்? குளித்தல், உடுத்தல், உண்ணல் என அச்சிட்ட படிவத்தை மட்டும் நிரப்பிவிட்டுத் திரும்பும் மாணவர் தவறு எதையும் செய்யவில்லை. எனினும், அந்த வீட்டில் ஒவ்வொரு காலையையும் தொடங்கிவைக்கும் செயலை அவர் காணாமலேயே வந்துவிட்டார்.

நால்வகைச் சிந்தனை

அனுபவமுள்ள சிகிச்சையாளர்கள் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பதை மானிடவியலாளர் செரில் மேட்டிங்லியும் செயல்வழிச் சிகிச்சைப் பேராசிரியர் மோரின் ஃபிளெமிங்கும் ஆராய்ந்து, 1994ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்காட்டிய சிந்தனை வகைகளை நம் மூதாட்டியோடு பொருத்திப் பார்க்கலாம்.

முதலாவது, நடைமுறைச் சிந்தனை. நோய் என்ன, குறை என்ன, அதற்குரிய சிகிச்சை முறை என்ன என்று ஆராய்வது இது. வலப்பக்கத் தளர்ச்சி என்பதால் மூளையின் இடப்பகுதி பாதிப்புற்றிருக்கிறது என மாணவி உணர்வது இவ்வகை. இரண்டாவது, உறவுநிலைச் சிந்தனை. எதிரில் இருப்பவர் எப்படிப்பட்டவர், அவரோடு எவ்வாறு பேசினால் மனம் திறப்பார் என்று அறிவது. மூன்றாவது, சூழ்நிலைச் சிந்தனை. இவருடைய வீடு, குடும்பம், எதிர்காலம் ஆகிய அனைத்தையும் சேர்த்து, நிலைமை எவ்வாறு மாறக்கூடும் என்று கற்பனை செய்து பார்ப்பது. நான்காவது, கதைவழிச் சிந்தனை. நோய் என்பது ஒருவருடைய வாழ்க்கைக் கதையின் நடுவில் வந்த திருப்பம். அக்கதை இனி எவ்வாறு தொடரும் என்று அவரோடு சேர்ந்து யோசிப்பது.

புதிய மாணவர்களிடம் முதல் வகையே மேலோங்கி நிற்கும். அதில் வியப்பில்லை, வகுப்பறை தந்தது அதுதான். ஏனைய மூன்றையும் களமே கற்பிக்க வேண்டும். அம்மூன்றும் பேச்சின் வழியாகவே நிகழ்கின்றன என்பதை இங்கே கருத வேண்டும். உறவு பேச்சில் உருவாகிறது. குடும்பச் சூழல் பேச்சில் வெளிப்படுகிறது. கதை பேச்சில் அன்றி வேறெதிலும் இல்லை. எனவே, மொழி தெரியாத இடத்தில் மாணவருக்குச் சிந்தனையின் ஒரு வகைதான் மிஞ்சுகிறது.

மௌனத்தின் இரு பொருள்கள்

மூளையின் இடப்பகுதியே பெரும்பாலோருக்கு மொழித்திறனின் இருப்பிடம். ஆகவே, வலப்பக்கம் தளர்ந்த நோயாளிகள் பலருக்குப் பேச்சிழப்பும் நேர்வதுண்டு. இப்போது நம் மூதாட்டியின் மௌனத்தை மீண்டும் எண்ணிப்பார்க்கலாம். அந்த மௌனம் நோயால் வந்த பேச்சிழப்பாக இருக்கலாம். அல்லது, விளங்காத மொழியில் கேட்கப்பட்ட கேள்விக்கு முன் ஒருவர் காக்கும் இயல்பான மௌனமாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

வேறுபாடு சிறியதன்று. "கட்டளைகளைப் புரிந்துகொள்ள இயலாதவர், தனியே விடுவது பாதுகாப்பன்று" என்று பதிவேட்டில் எழுதப்படும் ஒரு வரி, அவர் தம் வீட்டுக்குத் திரும்புவதா தாதிமை இல்லத்திற்குச் செல்வதா என்ற முடிவில் பங்கு பெறும். மாணவர் எழுதும் குறிப்பை மேற்பார்வையாளர் சரிபார்ப்பார் என்பது உண்மைதான். ஆனால், மேற்பார்வையாளருக்கும் தமிழ் தெரியாதபோது யார் சரிபார்ப்பது?

அளவைக் கருவிகளிலும் இச்சிக்கல் உண்டு. நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் விரைந்து சோதிக்க உலகெங்கும் அறியப்பட்ட ஒரு சோதனை 1975ஆம் ஆண்டில் வெளிவந்தது. மொத்தம் 30 புள்ளிகள் கொண்டது. 'உலகம்' என்று பொருள்படும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைப் பின்னிருந்து முன்னாக எழுத்துக்கூட்டிச் சொல்லச் செய்வது அதன் கேள்விகளுள் ஒன்று. ஓர் எழுத்துக்கு ஒரு புள்ளியாக ஐந்து புள்ளிகள். அதைத் தமிழில் பெயர்த்தால் 'உலகம்' நான்கெழுத்துச் சொல்லாகிறது. மேலும், நம் உயிர்மெய்யெழுத்து ஒவ்வொன்றும் ஓர் அசையாக ஒலிப்பது. ஆங்கில எழுத்தைப் போல் தனிப்பெயர் கொண்டதன்று. ஆக, கேள்வி மொழிபெயர்ந்தாலும் அது அளக்கும் திறன் அப்படியே பெயர்ந்து வருவதில்லை. தோட்டப்புறத்தில் பிறந்து பள்ளிக்கே செல்லாத மூதாட்டியிடம் எழுத்துக்கூட்டச் சொல்வது, அவருடைய நினைவை அன்று, அவர் பெறாத கல்வியையே அளக்கும். மொழிக்கும் கல்விநிலைக்கும் ஏற்பத் தகவமைத்த சோதனைகளையே பயன்படுத்த வேண்டும் என்று மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுவதன் காரணம் இதுவே.

இதற்கு மாறான கருவி ஒன்றும் உண்டு. 1991ஆம் ஆண்டில் கனடாவில் முதன்முதலாக வெளியிடப்பட்ட அந்த நேர்காணல் முறையில், நோயாளியே தமக்கு இடர்தரும் அன்றாடச் செயல்களைக் கூறுவார். ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு முக்கியம், தாம் அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறார், அதில் எவ்வளவு மனநிறைவு அடைகிறார் என்று 1 முதல் 10 வரை அவரே மதிப்பிடுவார். சிகிச்சையின் இலக்கை இங்கே நோயாளி வகுக்கிறார். அவர் மனம்விட்டுப் பேசாவிட்டால் இம்முறை பயன்படாது.

வீட்டுத் தமிழும் பள்ளித் தமிழும்

தமிழ் மாணவராயின் இச்சிக்கல்கள் தாமே தீர்ந்துவிடும் என்று எண்ணலாம். அவ்வளவு எளிதன்று. பள்ளித் தேர்வில் தமிழில் உயர்ந்த தரம் பெற்ற மாணவர் ஒருவர், மருத்துவமனைக் கட்டிலருகில் நின்று, "தாங்கள் கழிப்பறையைப் பயன்படுத்துவதில் ஏதேனும் இடர்ப்பாடு உள்ளதா?" என்று கேட்டால் முதியவர் திகைப்பார். "பாத்ரூம் போக முடியுதா பாட்டி? கால் கழுவிக்க யாராவது உதவி வேணுமா?" என்று கேட்டால் உடனே விடை வரும். 'கால் கழுவுதல்' என்னும் தொடர் எதைக் குறிக்கிறது என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. வீடு சொல்லித் தருகிறது. அத்தொடரின் கண்ணியத்தால்தான், பேரன் வயதுள்ள ஒருவரோடு ஒரு மூதாட்டி அதைப் பற்றிப் பேச முடிகிறது.

நோயாளி சொல்லும் சொற்களும் அவ்வாறே. "முடியல" என்று ஒருவர் சொன்னால், செயலைச் செய்யும் ஆற்றல் இல்லை என்பது ஒரு பொருள். உடல்நலம் சரியில்லை என்பது இன்னொரு பொருள். "கை வரல" என்றால் கை அசையவில்லை என்றும் கொள்ளலாம். அந்த வேலை பழகவில்லை என்றும் கொள்ளலாம். "மனசு வரல" என்றால் ஆற்றல் இருந்தும் விருப்பம் எழவில்லை. இவை மூன்றுக்கும் சிகிச்சை மூன்று விதம். மூன்றையும் "இயலவில்லை" என்னும் ஒரே சொல்லால் மொழிபெயர்ப்பவர், சிகிச்சையாளரை மூன்றில் இருமுறை தவறான வழியில் அனுப்பிவிடக்கூடும். மரத்துப்போதல், குத்துதல், கடுத்தல், இழுத்துப்பிடித்தல் என வலிக்கும் உணர்விழப்புக்கும் நம்மிடம் வெவ்வேறு சொற்கள் உண்டு. அவை ஒவ்வொன்றும் உடலின் ஒவ்வொரு நிலையைச் சுட்டுகின்றன.

குடும்பத்தார் மொழிபெயர்க்கலாமே எனில், அவர்கள் அன்போடு தவறிழைப்பதுண்டு. தாயிடம் கேட்ட கேள்விக்கு மகளே விடை சொல்லிவிடுவார். "அம்மா, சொல்லுங்க, மூன்று பொருள், ஒன்று ஆப்பிள்..." என்று நினைவுச் சோதனையின் விடையையே எடுத்துக்கொடுத்துவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. வலக்கை தளர்ந்தவரிடம், இடக்கையால் கரண்டி பிடித்து உண்ணப் பழகுமாறு சொல்வது பொதுவான சிகிச்சை முறை. வாழ்நாள் முழுவதும் வலக்கையால் பிசைந்து உண்டவருக்கு, மற்றொரு கடமைக்கென்றே ஒதுக்கப்பட்ட இடக்கையை வாய்க்குக் கொண்டுசெல்வது அருவருப்பைத் தரலாம். பிறர் ஊட்டிவிடச் சம்மதிப்பார். இடக்கையால் உண்ணச் சம்மதியார். இதைப் பதிவேட்டில் 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்றும் எழுதலாம். 'இடக்கையால் உண்பதில் பண்பாட்டுத் தயக்கம் உண்டு. கரண்டியிலிருந்து தொடங்கலாம், தனியிடத்தில் பழக்கலாம்' என்றும் எழுதலாம். இரண்டாவது வரியை எழுதத் தெரிவதே தேர்ச்சி.

இத்திறனுக்கான காலமும் குறுகி வருகிறது. சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர், 2010இல் இது 3.3 விழுக்காடாக இருந்தது. தமிழ் மட்டுமே பேசிப் பழகிய முதியோர் இன்று மருத்துவமனைகளில் இருக்கின்றனர். அவர்களோடு பேச வேண்டிய இளையரோ ஆங்கிலத்தில் சிந்திக்கும் தலைமுறையினர். முதுமைமறதி நோய் வந்தவர்களுள் சிலர், பிற்காலத்தில் கற்ற மொழியை விட்டு, இளமையில் பேசிய மொழியையே மேலும் மேலும் சார்கின்றனர். நேற்றுவரை ஓரளவு ஆங்கிலம் பேசிய தாத்தாவுக்கு நாளை தமிழ் மட்டுமே துணையாகலாம்.

தமிழ் அறியாத மாணவர்களுக்கும் இதிலிருந்து பெற வேண்டிய பாடம் உண்டு. சீனக் கிளைமொழி மட்டுமே பேசும் மூதாட்டியின் முன் தமிழ் மாணவரும் அதே நிலையில்தான் நிற்கிறார். எல்லா மொழிகளையும் எவரும் கற்றுவிட முடியாது. ஆனால், 'எனக்கு இவர் மொழி தெரியாது. ஆகவே என் மதிப்பீடு இன்னும் முழுமை பெறவில்லை' என்று நேர்மையாகப் பதிவு செய்யவும், மொழிபெயர்ப்பாளரையோ அம்மொழி அறிந்த தாதியையோ அழைக்கவும் கற்க முடியும்.

மேற்பார்வையாளரும் ஆசிரியரும்

களப்பயிற்சியின் தரம் மேற்பார்வையாளரைப் பொறுத்தது. அவர் தம் நோயாளிகளைக் கவனிக்கும் அதே நேரத்தில் மாணவருக்கும் கற்பிக்கிறார். விடையை உடனே சொல்லிவிடுவது அவருக்கு எளிது; நேரமும் மிச்சமாகும். ஆயினும், நல்ல மேற்பார்வையாளர் நம் காட்சியில் வருபவரைப் போலக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அன்றாடம் நாள்முடிவில் மாணவர் எழுதும் சிந்தனைக் குறிப்பும் இதற்கு உதவும். 'இன்று என்ன செய்தேன்' என்பதைவிட 'எதை நான் கேட்காமல் விட்டேன்' என்பதே அக்குறிப்பின் பயனுள்ள வரி.

தமிழாசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு செயலைத் தொடக்கம் முதல் முடிவுவரை படிப்படியாக விளக்கிச் சொல்லும் வாய்மொழிப் பயிற்சியை வகுப்பில் தரலாம். சேலை கட்டுதல், இடியாப்பம் பிழிதல், பூத்தொடுத்தல் போன்றவற்றை மாணவர் தம் பாட்டியிடம் கேட்டறிந்து வந்து கூறலாம். 'கொசுவம் வைத்தல்', 'முந்தானை', 'மாவு பிசைதல்' போன்ற சொற்கள் அப்போது தாமே வந்துசேரும். இவ்வாறு ஒரு செயலைப் படிகளாகப் பிரித்தறிவதற்குச் செயல்வழிச் சிகிச்சையில் 'செயற்பகுப்பாய்வு' என்று பெயர். பல்கலைக்கழகத்தின் முதலாண்டிலேயே கற்பிக்கப்படும் அடிப்படைத் திறன் அது. தமிழ் வகுப்பில் அதைத் தமிழிலேயே பழகிய மாணவர், ஒருநாள் ஒரு கட்டிலருகில் அதைப் பயன்படுத்துவார்.

மீண்டும் சமையலறைக்கு

மாணவி மறுநாள் மூதாட்டியின் கட்டிலருகில் அமர்ந்து, "வீட்ல தேத்தண்ணி எப்படிப் போடுவீங்க பாட்டி?" என்று தமிழில் கேட்கிறார். சொற்கள் தட்டுத்தடுமாறி வருகின்றன. சில சொற்களுக்கு மூதாட்டி கையால் சைகை காட்டுகிறார். பேச்சில் சிறிது பாதிப்பு உண்டு என்பது இப்போது தெளிவாகிறது. புரிந்துகொள்வதில் பெரிய குறை இல்லை என்பதும் தெளிவாகிறது. அடுத்த முறை சமையலறையில் அடுப்பு, சிறு பாத்திரம், தேயிலைத்தூள், வடிகட்டி, கெட்டிப்பால், இரண்டு குவளைகள் ஆகியவை வைக்கப்படுகின்றன. மூதாட்டி இடக்கையால் நீரைக் கொதிக்கவைத்துத் தூளைப் போடுகிறார். குவளையை மேசையில் நிறுத்திக்கொண்டு, மாணவியின் துணையோடு வடிகட்டுகிறார். இரு குவளைகளையும் ஏந்தி ஆற்ற முடியாது என்று கண்டு, கரண்டியால் கலக்கிவிடுகிறார். படிவரிசை அவருக்கு நன்றாகவே தெரியும்.

அடுப்பை அணைக்க மட்டும் மறந்துவிடுகிறார்.

மாணவியின் குறிப்பேட்டில் இப்போது வேறு வரிகள் இடம்பெறுகின்றன: "பழகிய முறையில் தேநீர் தயாரிக்கிறார். ஒருகையால் வடிகட்டுவதற்கு மாற்று வழி தேவை. அடுப்பை அணைக்க நினைவூட்டல் தேவை. வீட்டில் தானே அணையும் அடுப்பு பொருத்தலாமா என்று குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும்." முதல் நாள் குறிப்பு மூதாட்டியின் வாழ்வில் ஒரு கதவை மூடியிருக்கக்கூடும். இந்தக் குறிப்பு மெய்யான இடர் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது. அதற்கு என்ன செய்யலாம் என்றும் சொல்கிறது.

ஆயிரம் மணி நேரக் களப்பயிற்சியில் மாணவர் கற்பது, எதிரில் இருப்பவரின் வாழ்வைக் கேட்டறிந்த பிறகே அவருடைய இயலாமையை எழுத வேண்டும் என்பதைத்தான். தமிழ்ப் பேசும் முதியவர் ஒருவரிடம் அதைக் கேட்பதற்குரிய சொற்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் பொறுப்பு மாணவர்களுடையது. கேட்கத் தூண்டும் பொறுப்பு ஆசிரியர்களுடையது.